பழைய மோட்டார் படகை விற்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அண்ணனும் நானும் வைத்திருக்கும் 21 அடி ஃபைபர் படகை விற்கப் பார்க்கிறோம். யமஹா நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் நிற்கிறது.

நாங்கள் ஒரு விலை போட்டால், அதே மாதிரி படகு அடுத்த வாரமே அதைவிடக் குறைவாக வந்துவிடுகிறது. விற்கும்வரை நிறுத்துமிட வாடகையும் காப்புறுதியும் கட்டியாக வேண்டும். அதனால் இப்போதே குறைத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அண்ணனோ பொறுக்கச் சொல்கிறார்.

எஞ்சினை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித்தான் வைப்போம். சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன. படகின் அடிப்பகுதியில் மட்டும் சிப்பி பிடித்து, விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. படகைத் தூக்கிச் சுரண்டி, புது பெயின்ட் அடித்து விற்றால் அந்தச் செலவு விலையில் திரும்புமா? இல்லை, உள்ளபடியே காட்டி விலையைக் குறைப்பது நல்லதா? வாங்குபவரே படகைச் சோதித்துப் பார்க்கும் சர்வேயரை அழைத்து வந்தால் எங்களுக்குச் சம்மதம்தான்.

அப்புறம், கடல்துறை, துறைமுக ஆணையத்தில் உரிமத்தைப் பெயர் மாற்றியவர்கள், பணத்தை எந்தக் கட்டத்தில் வாங்கினீர்கள்? அண்மையில் விற்றவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் அது போய்ச் சேர வேண்டும் என்று ஆசை.