புதுப்பிப்பு: பின்கால் இழுக்கும் முயல், எக்ஸ்ரேக்குப் பிறகு

என் முயலுக்குக் கழிவுப் பெட்டிக்கு வெளியே சிறுநீர், பின்பக்கம் எப்போதும் ஈரம், தாவவே மாட்டேன் என்கிறது. மூட்டுவாதமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆமாம், இடுப்பிலும் முதுகெலும்பிலும் தேய்மானம்.

அதிகம் உதவியது தரைதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளின் வழுவழு டைல்ஸில் முயலுக்குப் பிடிமானமே இல்லை. பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம். கால் அகல விரிந்து மூட்டு இன்னும் நோகும். ரப்பர் பாய்மேல் ஃபிளீஸ் துணி விரித்து ஓரங்களை அடியில் செருகுங்கள், தொங்கினால் நகம் மாட்டும். கழிவுப் பெட்டியின் ஒரு பக்கத்தை 4 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டினால் தானாக ஏறும்.

வலி மருந்தான மெலாக்ஸிகாமின் அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். நாய்க்கான திரவம் மில்லிக்கு 1.5 மி.கி., பூனைக்கானது 0.5. பாட்டில் மாறினால் அளவு மூன்று மடங்கு தவறும். நீண்ட நாள் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

முயல்கள் வழக்கமாக மீண்டும் தின்னும் மென்மலத்தை, குனிய முடியாத முயல் தின்னாது. அது வாலடியில் ஒட்டும். இங்குள்ள கோடைப் புழுக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள், பாவம், முயலால் சொல்ல முடியாது.

டெஃப் என்ற உலர்புல்லை வாய்க்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். 12 மணி நேரம் சாப்பிடவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் தூக்குங்கள்.