அம்மம்மா வீட்டுக் கூட்டம்: மூண்டு நாள் வான் பயணம்

*செவ்வாய், ஆகஸ்ட்*

ரவி மாமா: எல்லாரும் கேளுங்க. வான் பேசியாச்சு. 14 சீட் ஹயஸ். வெள்ளி விடிய 6 மணிக்கு அம்மம்மா வீட்டு வாசல்ல நிக்கும். 6 எண்டா 6.

பிரதீப் அண்ணா: மாமாட 6 எண்டா ஏழரை

அம்மா: குமார் வந்து ரெண்டு கிழமையாகுது, இன்னும் அவனுக்கு நேரம் மாறல்ல. ராவு 2 மணிக்கு எழும்பிப் பிட்டு இரிக்கா எண்டு கேக்கிறான்

குமார் மாமா கனடா: அக்கா, அது நேரத்தால இல்ல. பிட்டால 😄

குமார் மாமா கனடா: எனக்கு ஒரு ஆசை. என்ட மகன் தனுசன் அடுத்த வருசம் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணப்போறான். கனடாவில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கம்பஸ் கம்பஸாப் போவாங்க. படிக்கிற ஒரு பொடியனே சுத்திக் காட்டுவான். லைப்ரரி, ஹொஸ்டல், கன்டீன் எல்லாம் பாத்துத்தான் முடிவெடுக்கிறது. போற வழியில இஞ்சயும் ரெண்டு கம்பஸக் காட்டினா என்ன? அபிக்கும் உதவி.

பிரதீப் அண்ணா: மாமா, இஞ்ச நாம கம்பஸப் பாத்து எடுக்கிறதில்ல. ஏ.எல். சோதினை இசட் ஸ்கோரப் பாத்துக் கம்பஸ்தான் நம்மள எடுக்கும்

நான் (அபி): அண்ணா, விருப்ப ஒழுங்கு போடுறது நாமதானே. கம்பஸ் அனுமதிக் கையேட்டில ஒவ்வொரு பாடநெறிக்கும் கம்பஸுக்கும் ஒரு கோட் இரிக்கு. மேல எதப் போடுறமோ, ஸ்கோர் காணுமெண்டா அதுதான் கிடைக்கும். கண்ணால பாக்காத இடத்த எப்பிடி மேல போடுறது?

குமார் மாமா கனடா: ஸ்கோர் காணுமா காணாதா எண்டது எல்லா ஊருக்கும் ஒண்டுதானா?

ரவி மாமா: இல்லடா. சயன்ஸ் பக்கத்துக்கு 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமைப்படி. 55 வீதம் மாவட்டம் மாவட்டமா, சனத்தொகையப் பாத்து. மிச்ச 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியல்ல இரிக்கு. சந்தோசப்படுறதா வெக்கப்படுறதா எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல.

அப்பா: ஒழுங்கு போடுற கதை இப்ப வேணாம். அபி தேட் ஷை எடுக்கிறா, மூண்டாந் தரமும் ஏ.எல். எழுதத்தான் போறா. மெடிசினுக்குக் கொஞ்சம்தான் காணாம நிக்குது.

*(அதுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஒருத்தரும் ஒண்டும் போடல்ல. எல்லாருக்கும் நீலச் சரி விழுந்து கிடந்தது.)*

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:11

அம்மா: அக்கா, என்னகா சொல்றீங்க? கச்சான் காத்துச் சத்தம்தான் கேக்குது

பிரதீப் அண்ணா: ரெண்டு சட்டித் தயிர் கொண்டு வாறாவாம். வான்ல இடம் வைக்கட்டாம்

ரவி மாமா: சரி, வழி இதுதான். வெள்ளி: ஆரையம்பதி, அங்கயிருந்து வடக்க வந்தாறுமூலை கம்பஸ். திரும்பிக் கல்லடி. பிறகு தெற்கால கல்முனை, காரைதீவு, ஒலுவில் கம்பஸ், ராவு பொத்துவில். சனி: அறுகம்குடா, உகந்தை முருகன் கோயில். ஞாயிறு: லாகுகலையால ஏறி இங்கினியாகல, போட்ல போய் யானை பாக்கிறது. அம்பாறையால வீடு. மச்சான், உங்களுக்கு சனி வரைக்கும் டியூட்டி எண்டா ஞாயிறு நேரா இங்கினியாகலைக்கு வாங்க.

அப்பா: பாப்பம்

பெரியம்மா: நான் வந்தாறுமூலைக்கு வரல்ல. கல்லடியில இறக்கி விடுங்க. திரும்பி வரக்குள்ள ஏத்துங்க

குமார் மாமா கனடா: ஏன் பெரியக்கா?

ரவி மாமா: குமார், நான் பிறகு கோல் எடுக்கிறன்

*வெள்ளி*

பிரதீப் அண்ணா: 7.25. வான் இப்பதான் வந்திரிக்கு. நான் அஞ்சு நிமிசம் கூடச் சொல்லிட்டன், மன்னிக்கவும்

நான்: மாமா, ஏசி போட்ட வான் எண்டீங்க

ரவி மாமா: கண்ணாடியத் திற புள்ள, போடும்

அம்மா: தந்தவன் நல்லாத்தான் தந்திரிக்கான். கதவ மூட உள்ளயிருந்து ஒராள், வெளியயிருந்து ஒராள் வேணும்

*வெள்ளி, இரவு 9.40*

அப்பா: எங்க நிக்கிறீங்க? ஒருத்தரும் போன் எடுக்கிறீங்க இல்ல

அம்மா: பொத்துவில். எல்லாரும் சாப்பிட்டாச்சு. அபி எழுதுறாளாம், இருங்க

நான்: அப்பா, முழுக்க எழுதுறன். கோவிக்காம வாசிங்க.

வந்தாறுமூலை வாசல்ல காவலாளி கொப்பியில எல்லாருட பேரும் எழுத வெச்சார். பிரதீப் அண்ணாட கூட்டாளி விவசாய பீடத்தில வேலை, அவர்தான் உள்ள கூட்டிப்போனவர். 1981 ஆகஸ்டில மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி எண்டு தொடங்கக்குள்ள விஞ்ஞானமும் விவசாயமும் மட்டும்தானாம். 86 இலதான் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அப்ப விவசாயம் பிறகு வந்து ஒட்டினதில்ல, முதல்ல வந்தது. (இத உங்களுக்காகத்தான் கேட்டு வெச்சன்.)

பண்ணையில ஒரு அக்கா மிளகாய்ப் பாத்திக்குள்ள குந்தியிருந்தா. தலையில ஓலைத் தொப்பி. யோகட் கப்ப நீட்டு நீட்டா வெட்டி, ஒவ்வொரு கண்டுக்குப் பக்கத்திலயும் குத்தி நம்பர் எழுதிக்கொண்டிருந்தா. பென்சிலால. ஏன் பேனையில்ல எண்டு கேட்டன். பேனை மை ரெண்டு தரம் தண்ணி பட்டா போயிரும், வெயிலுக்கும் வெளுக்கும், பென்சில் போகாதாம். நாலு மாச வேலை ஒரு மழையில அழிஞ்சவங்க இரிக்காங்க எண்டு சிரிச்சா. எனக்கு அதப் பாத்துக்கொண்டே நிக்கோணும் போல இருந்திச்சு அப்பா.

குமார் மாமா கனடா: அத்தான், லைப்ரரி காட்ட எண்டு கூட்டிப்போனா உங்கட மகள் பாத்தியில இருந்து எழும்பல்ல

அப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அப்பா: பெரியக்கா கல்லடியில இறங்கிட்டாவா?

அம்மா: இல்ல. பாலத்தடியில நிப்பாட்டினம். இறங்கல்ல. "ஓட்டு" எண்டா.

நான்: கம்பஸ்ல முதல் அரை மணித்தியாலம் வானுக்குள்ளயே இருந்தா. பிறகு தானா இறங்கி வந்து "தண்ணி டாங்கி எங்க நிண்டது?" எண்டு கேட்டா. ஒருத்தருக்கும் தெரியல்ல. ஒரு பழைய கட்டடத்துக்கு முன்னால நிண்டு ஜன்னல எண்ணினா. நாலாவது ஜன்னலுக்குக் கீழதான் அவவும் கைக்குழந்தை பிரதீப் அண்ணாவும் படுத்தவங்களாம்.

குமார் மாமா கனடா: நான் அப்ப ஜெர்மனியில கேம்ப்ல. எனக்கு ஒருத்தரும் இதச் சொல்லல்ல

ரவி மாமா: 90 இல சுத்துவட்டாரம் முழுக்க அங்கதான் அகதியா இருந்தது. பெரியக்கா அப்ப கொம்மாதுறையில கலியாணம் முடிச்சிருந்தவ. செப்டம்பர் 5 ஆந் திகதி ஆமி வந்து 158 பேரக் கூட்டிப்போனாங்க. திரும்பி வரல்ல.

பெரியம்மா: எனக்குத் தண்ணி அள்ளித் தாற பொடியன் ஒருத்தன். பிள்ளக்காரி லைன்ல நிக்காதக்கா எண்டு வாளிய வாங்கிட்டுப் போவான். சந்திவெளிப் பக்கம். பேர் மறந்து போச்சு மனே. அதான் நான் அங்க போறதில்ல. முகம் இரிக்கு, பேர் இல்ல

அம்மா: அக்கா, படுங்க. நாளைக்குப் பேசுவம்

பெரியம்மா: அந்தப் புள்ளட மிளகாயில வெள்ள ஈ இரிக்கு. அடுப்புச் சாம்பல் தூவு எண்டு சொன்னன். சாம்பல் தூவின பாத்தி ஒண்டு, தூவாத பாத்தி ஒண்டு வெச்சுப் பாக்கிறன் அம்மா எண்டா. கெட்டிக்காரி. ரெண்டு கண்டும் தந்தா

பிரதீப் அண்ணா: அந்த ரெண்டு கண்டும் இப்ப என்ட கட்டில்ல. நான் நிலத்தில

*சனி*

ரவி மாமா: நேத்துக் கல்லடியில விபுலானந்தர் சமாதிக்கிட்ட எடுத்த படம் அனுப்பிரிக்கன். தனுசன் இத மனசில வெச்சுக்கொள்: காரைதீவில பிறந்து கல்லடி உப்போடையில அடங்கினவர். 1943 இல இலங்கைப் பல்கலைக்கழகத்தில முதல் தமிழ்ப் பேராசிரியர்.

தனுசன்: சரி பெரியப்பா. ஒலுவில் கம்பஸ் நல்லம். கடல் கிட்ட. நான் அங்க படிக்கலாமா

குமார் மாமா கனடா: இலவசக் கல்வி அபிக்கு. உனக்குக் காசு

ரவி மாமா: அபி, நீ பயோ எண்டபடியா ஒலுவில்ல பாத்தத வெச்சு முடிவெடுக்காத. அவங்கட பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில. நாம போனது வேற பக்கம். என்ட பிழை, முதலே யோசிக்கல்ல.

அம்மா: 🖼️ படம்

பிரதீப் அண்ணா: அறுகம்குடா பேபி பொயின்ட்ல சர்ஃபிங் பழகிற தனுசன். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்

தனுசன்: 4 தரம் நிண்டன். 31 தரம் விழுந்தன். முழங்கால் போச்சு

அம்மா: உகந்தை போய் வந்தம். மலையில காத்து ஆளத் தூக்குது. பெரியக்கா எங்களுக்கு முதல் ஏறிட்டா. முந்தி ஒருக்கா ஊரில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போனவ, காட்டுக்குள்ள இறங்கிற பாதையக் காட்டினா. நாங்க குமணைக் காட்டுக்குள்ள போகல்ல, நேரம் போயிட்டு.

அப்பா: நாளைக்கு நான் மோட்டச்சைக்கிள்ல வாறன். எத்தின மணிக்கு?

ரவி மாமா: 2.30 க்கு அணைக்கட்டடியில நில்லுங்க மச்சான் 👍

*ஞாயிறு*

பிரதீப் அண்ணா: லாகுகலையில றோட்டு ஓரம் யானை! மூண்டு. ஒண்டு குட்டி

பிரதீப் அண்ணா: டிறைவர் பிறேக் அடிச்ச அடியில பின்னால தயிர்ச் சட்டி ரெண்டும் போயிட்டு

அம்மா: ஒண்டு முழுக்க சீட்டுக்குக் கீழ. மற்றது என்ட மடியில

பெரியம்மா: மிளகாய்க் கண்டு?

பிரதீப் அண்ணா: கண்டுக்கு ஒண்டுமில்ல அம்மா. கண்டு என்ட கையில. உங்கட மகன் தலையில இடிச்சுக்கொண்டான், அதக் கேட்டீங்களா

பெரியம்மா: நீ பெரியாள்

*ஞாயிறு, மாலை 5.50*

அப்பா: 🎥 வீடியோ 0:47

குமார் மாமா கனடா: அத்தான் வீடியோ எடுத்து அனுப்புறார்! இந்தக் குழுவில இதான் முதல்

நான்: அதில கறுப்பாத் தெரியிறது மரக்குத்தி இல்ல. தும்பிக்கை. போட்காரர் எஞ்சினை நிப்பாட்டினார், ஒரு சத்தமுமில்ல. அது மூச்சு விடுற சத்தம் மட்டும் வந்திச்சு, சைக்கிள் டியூப்ல காத்துப் போற மாதிரி. தீவில இருந்து மற்றத் தீவுக்கு நீந்தி ஏறிப் புல்லுத் திண்ணத் தொடங்கிட்டு.

ரவி மாமா: இப்ப வரட்சிக்குத் தண்ணி இறங்கும். இறங்கின இடத்தில பச்சைப் புல்லு முளைக்கும். அதுக்குத்தான் வருதுகள். இந்தக் குளம்தான் சேனநாயக்க சமுத்திரம், 1949 இல தொடங்கின கல்லோயாத் திட்டம். கல்லோயா ஆத்துக்கு நம்மட பேர் பட்டிப்பளை. நீர்ப்பாசனத்தில 31 வருசம் இருந்தும் யானை நீந்திறத இண்டைக்குத்தான் கண்டன். குளத்துத் துருசு (மதகு) திறக்கத்தான் நமக்கு நேரம்.

அம்மா: போட்ல அபிட அப்பா அந்தப் போட்காரரோட பேசின பேச்சு! கண்டம் எத்தின ஏக்கர், சிறுபோகத்துக்குத் தண்ணி எப்ப விடுறாங்க, நெல்லு கிலோ என்ன விலை. யானையக் காட்டினா "ஓமோம்" எண்டுட்டுத் திரும்பவும் நெல்லு

அப்பா: என்ட வாப்பாட்ட 6 ஏக்கர் இருந்தது. கேக்கக் கூடாதா

அம்மா: வாப்பாவாம்! காத்தான்குடிக் கூட்டாளிமாரோட திரிஞ்சா இப்பிடித்தான் வரும். அப்பாட்ட எண்டு எழுதுங்க 😂

அப்பா: கை பிழைச்சுது. அப்பாட்ட.

*திங்கள்*

ரவி மாமா: கணக்கு. வான், டீசல், பொத்துவில் அறை, போட், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பெரியாக்கள் அஞ்சாப் பிரிச்சா ஒராளுக்கு 23,400. பெரியக்காட பங்கு என்னோட.

பெரியம்மா: என்ட பங்கு நான் தருவன். தயிர்க் காச கழி

குமார் மாமா கனடா: திண்ணாத தயிருக்கும் காசா பெரியக்கா

அப்பா: அபி, விவசாயத்துக்கு அந்தக் கோட் என்ன?

நான்: எந்தக் கம்பஸுக்கு அப்பா?

அப்பா: பென்சில் இருக்கிற இடத்துக்கு

நான்: கையேட்டப் பாத்து அனுப்புறன்

அப்பா: தேட் ஷைக்கும் போடத்தான் வேணும். அது வேற. ரெண்டும் போடு

அம்மா: 🙏

பிரதீப் அண்ணா: ஒரு சின்னக் கரைச்சல். வான் தந்தவர் இப்ப எனக்கு எடுத்தார். சீட்டுக்குக் கீழ தயிர் புளிச்சு மணக்குதாம். கழுவக் காசு 3,000 கேக்கிறார்

ரவி மாமா: ஏசி வேலை செய்யாததுக்கு அவர் நமக்கு எவ்வளவு தாறாராம்?

பிரதீப் அண்ணா: கேட்டன். ஏசி இருந்திருந்தா தயிர் புளிச்சிராது எண்டும் சொன்னன். போன வெச்சிட்டார்