சூடேறியதும் 3-வது சிலிண்டர் எரிய மறுக்கிறது

1996 மாடல் பெட்ரோல் கார். 4 சிலிண்டர், கார்புரேட்டர். அப்பா ஓட்டிய வண்டி, கைவிட மனமில்லை. 3 வாரங்களாக ஒரே தொல்லை. காலையில் சீராக ஓடுகிறது. 20 நிமிடத்தில் சூடேறியதும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) இன்ஜின் உதறுகிறது. வேகம் கூட்டினால் உதறல் குறைகிறது.

அப்போது 3-வது பிளக் வயரைக் கழற்றினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை. ஆக, கோளாறு அங்கேதான். பிளக்குகள், வயர்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, ரோட்டார் எல்லாம் புதிது. அந்தப் பிளக்கை 1-வது சிலிண்டருக்கு மாற்றியும் பார்த்தேன். கோளாறு இடம் மாறவில்லை. சூட்டிலும் தீப்பொறி நன்றாகவே வருகிறது. காற்று உள்ளே போகும் பக்கத்து இன்டேக் கேஸ்கெட்டில் கசிவு இல்லை. குளிர்ந்த நிலையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) நான்கிலும் ஏறத்தாழ 160 பிஎஸ்ஐ. வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) மட்டும் இன்னும் தொடவில்லை.

சூடேறியதும் எக்சாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடும் வால்வு) முழுதாக மூடாமல் போகிறதா என்பதை, சிலிண்டர்களின் மேலுள்ள ஹெட்டைக் கழற்றாமல் எப்படி உறுதி செய்வது?