பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவர்: பெயரைத் தேடும் வழி

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போரில் மாண்ட நம் ஊர்க்காரர்களைப் பற்றி ஊர்ச் சிறப்பு மலரில் எழுத நினைப்பவர்கள், முதலில் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். 1914-18 போரின் வட்டப் பதக்கம் இருந்தால் ராஜா தலையை விடுங்கள், விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். 'எஸ் அண்ட் எம்' என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்: பாலம் கட்டுவதும் பதுங்குகுழி வெட்டுவதும் அவர்கள் வேலை. தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள், எழுத்து தேய்ந்து போகும்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. பார்க்கக் காசு வேண்டாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பிரிட்டிஷ் தரப்புப் படைகளில் பணியில் இருந்தபோது இறந்தவர்கள் அதில் வருவார்கள். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போனவரும் சேர்த்தி. 'சண்டையில் சாகலையே' என்று விட்டுவிட வேண்டாம்.

பலரும் தடுமாறுவது பெயரில்தான். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆளெடுத்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சுப்பையாவுக்கு ஒரு 'பி'யா இரண்டா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். அப்படியும் சிக்காவிட்டால் கூடுதல் விவரக் கட்டத்தில் ஊரைப் போடுங்கள், மாவட்டத்தைப் பழைய பெயரில்: டின்னெவெலி, ராம்நாட், டாஞ்சூர். பெயர் ஒத்ததும் முடிவு கட்டாதீர்கள். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்த வேண்டும். இரண்டாம் போர்ப் பதிவுகளில் இவை ஓரளவு கிடைக்கும், முதல் போரில் குறைவு.

இறந்த இடம் வேறு, பெயர் பொறித்த இடம் வேறு. பர்மாவில் கல்லறை இல்லாதவர்கள் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறார்கள், ஏறக்குறைய 27,000 பேர். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 868 பேருக்கு இம்பாலில் தனிச் சின்னம். ஆனால் இராக்கில் முதல் போருக்காக 1929-ல் திறந்த பாஸ்ரா சின்னத்தில் கதை வேறு: இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கைதான். அநியாயம்தான். அங்கே எடுத்த போட்டோவில் தாத்தா பெயரைத் தேடி ஏமாறாதீர்கள், பதிவேட்டில் தேடுங்கள்.

மலாயாத் தோட்டத்திலிருந்து நேதாஜி படைக்குப் போனவர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்தவர்கள், அதனால் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள்.

மலருக்கு அனுப்பும்போது படை எண்ணை முதலில் எழுதி, பதிவேட்டுப் பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்தே போடுங்கள். பதிவேட்டில் பிழை இருந்தால் ஆணையத்துக்கு எழுதித் திருத்தக் கேட்கலாம். ஆதாரம் கேட்பார்கள், ஆகவே பாட்டியின் பென்ஷன் தாளை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.