அச்சாள்: 'ஸ்டீரியோடைப்' என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வெகுசனப் புனைவும் சமூகமும் பற்றி நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், ஒரு கூட்டத்தாரை எல்லாம் ஒரே மாதிரியாகக் காட்டும் உறைந்த படமான 'ஸ்டீரியோடைப்'புக்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. 'வார்ப்புரு' என்றார் ஒரு நண்பர். அது கணினிக்காரர் கைக்குப் போய்விட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் அது டெம்ப்ளேட். 'வகைமாதிரி' என்றால் நல்ல எடுத்துக்காட்டு என்றே வாசகர் கொள்வார். அதிலுள்ள அநியாயம் தெரியாது.

இந்தச் சொல் இல்லாமல் நான் தவித்த இடத்தைச் சொல்கிறேன். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வீட்டிலுள்ள ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் தன் தாத்தாவை எழுதினான். தோளில் கம்பளி, காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துரையைக் கண்டால் கூனிக்குறுகும் உடம்பு, பொழுது சாய்ந்தால் சாராயம், கேட்பவர் சிரிக்கும் பேச்சு.

அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும். குடித்ததே இல்லை. பகலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால், இரவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தைப் பிடித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே ராகம் போட்டு வாசித்தவர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் பேர் குறைந்தால் கணக்கப்பிள்ளை முன்னால் நின்று நியாயம் கேட்டவர்.

"ஏன்டா இப்படி எழுதின?" என்றேன்.

"கதையில தோட்டத்து ஆளுங்க இப்படித்தானே சேர் வருவாங்க."

பிறர் மலையகத்தாரான நம்மை அப்படி எழுதுவது பழைய வேதனை. கொழும்பு வீட்டில் அடி வாங்கும் வேலைக்காரச் சிறுமியாக, இளிச்சவாய்த் தோட்டக்காரனாக எத்தனை தொடர்கதைகளில் வந்திருக்கிறோம். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின் கொழும்புப் பத்திரிகையான வீரகேசரியின் பிரசுர நாவல்கள் பெருகின. மலையகத்தார் தம்மைப் பற்றித் தாமே எழுதியவையும் அவற்றில் உண்டு. அதற்குப் பிறகும் நம் பிள்ளையே, கண்முன் இருக்கும் தாத்தாவை விட்டுவிட்டுக் கதையில் கண்ட தாத்தாவை எழுதுகிறான். அந்தக் கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுத என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை.

மூலச் சொல்லும் அச்சகத்தில் பிறந்ததே. கோத்த எழுத்தின்மேல் கூழ்த்தாளை அழுத்திப் பள்ளமாகப் பதிவெடுத்து, அதில் ஈயக் கலவை ஊற்றி வார்த்த தகடு அது. மறுபடி எழுத்துக் கோக்காமல் பிரதிமேல் பிரதியாக அடிக்கலாம். மலிவுப் பதிப்புகளுக்குக் கைகொடுத்த தொழில்நுட்பம். மனத்தில் உறைந்துபோன படத்துக்கு அந்தச் சொல்லை 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட்டர் லிப்மன் எடுத்தாண்டார். நம் பேச்சிலும் 'ஒரே அச்சில் வார்த்த மாதிரி' என்பது இருக்கிறதே.

ஆகவே என் முன்மொழிவு: அச்சு + ஆள் = அச்சாள். அப்படி ஆக்குவது அச்சாளாக்கல். அப்படிப் பார்க்கும் மனப்போக்கு அச்சுப்பார்வை.

'ஆள்' என்பதை வேண்டியே வைத்தேன். ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி தமிழ்நாட்டு ஊரிலிருந்து ஆள் கட்டி வந்த காலம் தொட்டு, 'இன்னைக்கி எத்தன ஆளு?' என்றுதான் தோட்டத்தில் நம்மை எண்ணினார்கள். பெயரும் முகமும் கழன்று ஒரு தலையாக நின்ற அந்த வலி சொல்லுக்குள்ளேயே கிடக்கட்டும். அச்சகத் தொழிலாளி என்று பொருள் மயங்குமோ என்று ஒருவர் கேட்கலாம். அவரை யாரும் அச்சாள் என்பதில்லை. இடம் பார்த்தால் தெளிந்துவிடும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. மலை என்றால் பனி, பங்களா, வெள்ளைக்காரன் பேய் என்று கதைகளில் வரும் இடத்துக்கு 'அச்சாள்' பொருந்தாது. 'அச்சூர்' என்று சொல்லிப் பார்த்தேன், ஏதோ ஊர்ப் பெயர்போல ஒலிக்கிறது. 'அச்சுக்களம்' ஓரளவு பரவாயில்லை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பட்டியலை அதுவரை மூட வேண்டாம்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்