அரை விநாடியில் செரஸ் எவ்வளவு சுற்றும்?

நானே ஆரம்பித்துவைக்கிறேன். தொலைக்காட்சியில் அறிவியல் புனைவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, எழுந்துபோய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்து கணக்குப் போட்டது உண்டா? என் வீட்டில் நடக்கவில்லை, வகுப்பில் நடந்தது. கணக்கைப் போட்டதும் நான் இல்லை. சங்கடமே அதுதான்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். 2015-இல் வெளிவரத் தொடங்கிய ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரில், செரஸ் என்ற குறுங்கோளைக் குடைந்து ஒரு நகரம் அமைத்திருப்பார்கள். கோளையே வேகமாகச் சுழலவிட்டு உள்ளே செயற்கை ஈர்ப்பை உண்டாக்கியிருப்பார்கள். அங்கே ஒரு குடுவையிலிருந்து மதுவை ஊற்றும்போது அது நேராக விழாது. பக்கவாட்டில் வளைந்து கோப்பைக்குள் இறங்கும். கோரியோலிஸ் விளைவு! சுழலும் இடத்தில் இருப்பவர் கண்ணுக்கு, விழும் பொருள் பக்கவாட்டில் விலகுவதுபோல் தெரிவது. அதைப் பற்றிப் பாத்திரங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களுக்கு அது தினமும் பார்ப்பதுதானே. அந்த மௌனத்தில் நான் சொக்கிப்போனேன்.

சுழற்சி இயக்கம் நடத்திய அன்று பதினோராம் வகுப்பில் அந்தக் காட்சியைக் காட்டினேன். மது என்று சொல்லாமல் “ஏதோ ஒரு பானம்” என்றேன். கடைசி பெஞ்ச் சிரித்தது.

மறுநாள் ஒரு மாணவி நோட்டோடு வந்தாள். “சார், அரை விநாடியில் செரஸ் எவ்வளவு சுற்றும்?” கேள்வியே எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். செரஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பில் பத்தில் மூன்று பங்கு வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும். பானம் 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் செரஸ் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பியிருக்காது. “அப்புறம் எப்படி சார் அவ்வளவு வளையும்?”

அன்று இரவு உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன். விலகல் கால் மில்லிமீட்டர். இரண்டு மூன்று தலைமுடியின் தடிமன். பதினைந்து வருடங்களாக நான் நடத்தும் பாடம் இது. காட்சியின் அழகில் எண்களைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

* * *

ஆசிரியருக்கு இன்னொரு கெட்ட செய்தி வைத்திருக்கிறேன். கோப்பை வரைக்கும் போகவே வேண்டாம். அந்தக் கோளே மிஞ்சாது.

செரஸ் இப்போது ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் சொந்த ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சுற்றும் காலம் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கீழே இறங்கினாலே நடுக்கோட்டில் கிடக்கும் கல் எழும்பி வெளியே போகத் தொடங்கும். 40 நிமிடத்துக்குக் கொண்டுபோனால், உள்ளே இழுக்கும் விசையைப்போலப் பத்து மடங்கு வெளியே தள்ளும். பாறையும் உப்பும் பனியும் கலந்த உருண்டை அதைத் தாங்காது, சிதறிவிடும்.

நான் இதைக் கண்டுபிடித்தது மூன்றாம் முறை பார்த்தபோது. பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கு நேரம் உண்டு. கோபம் வரும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. ஏனென்றால் அதே தொடரில் கப்பல்கள் பாதி வழி வேகம் கூட்டிக்கொண்டே போய், நடுவில் குப்புறத் திரும்பி, மீதி வழி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். எஞ்சின் தள்ளும்வரை காலுக்குக் கீழே தரை இருக்கும். நிறுத்தினால் எல்லாம் மிதக்கும். பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்தில் ஏழரைக் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செவ்வாய்க்குப் போக எவ்வளவு நாள் என்று போட்டுப் பார்த்தேன்: மூன்றரை நாள். அப்படி விடாமல் எரிய எங்கிருந்து எரிபொருள் வரும் என்று கேட்காதீர்கள். அந்த எஞ்சின் ஒரு பெரிய பொய். அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு எழுதியிருக்கிறார்கள். ஓர் அத்தியாயத்தில் வைத்த விதியை அடுத்த அத்தியாயத்தில் மறக்கும் தொடர்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

* * *

கணக்கெல்லாம் சரி ஐயா. எனக்கு முதல் நான்கு அத்தியாயமும் தூக்கம்தான் வந்தது. யார் யாரோடு சண்டை என்று புரியவே ஒரு வாரம் ஆயிற்று. நானும் ஒரு தரப்பு என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

* * *

மேலே தூங்கிய நண்பர் முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நான் வணிகக் கப்பலில் எஞ்சின் அறையில் பதினான்கு வருடம் இருந்தவன். அறிவியல் எனக்குப் பாதிதான் தெரியும். ஆனால் அந்தக் கேன்டர்பரி கப்பலை எழுதியவர்கள் கப்பல்காரர்களிடம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டி இழுத்து வரும் கிழட்டுக் கப்பல் அது. வழியில் ஓர் அபாய அழைப்பு வருகிறது. திரும்பிப் போனால் நேரம் போகும், போனஸ் போகும். கேட்காததுபோல் நழுவிவிடப் பார்க்கிறார்கள். ஹோல்டன் என்ற அதிகாரி யாருக்கும் தெரியாமல் அந்த அழைப்பைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறான். ஏற்றிவிட்டால் போயே ஆக வேண்டும்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலில் உயிர்காப்பு பற்றிய சர்வதேச உடன்படிக்கை இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறது. அபாயச் செய்தி கிடைத்தால் கப்பல் தலைவர் முழு வேகத்தில் உதவிக்குப் போக வேண்டும்; போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம்.

அரபிக் கடலில் ஓர் இரவு எங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. கேப்டன் யோசிக்கவில்லை, திருப்பினார். எஞ்சின் நின்றுபோன ஒரு மீன்பிடி படகு, ஆறு பேர். ஒன்பது மணி நேரம் போயிற்று. கீழே என்னோடு பணியிலிருந்த இரண்டாம் பொறியாளர் எத்தனை டன் எண்ணெய் வீணாகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஆறு பேர் ஏணியில் ஏறி வந்ததும், தன் செருப்பைக் காலால் இழுத்து அந்தக் கணக்கை அழித்தவரும் அவரே. கேன்டர்பரியின் சாப்பாட்டுக் கூடத்தில் முணுமுணுக்கும் முகங்களைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

* * *

நான் செவிலியர். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் வேலை. என் கணவர்தான் இந்தத் தொடரின் ரசிகர். நான் காய்கறி நறுக்கியபடி அரைக் கண்ணால் பார்ப்பேன். மூன்றாம் பருவத்தின் முடிவில் கத்தியைக் கீழே வைத்தேன்.

ஏதோ ஒரு வேற்றுலக சக்தி எல்லாக் கப்பல்களையும் ஒரே கணத்தில் வேகம் குறைத்துவிடுகிறது. உள்ளே இருந்தவர்கள் சுவரில் போய் மோதி நூற்றுக்கணக்கில் காயம். ஈர்ப்பு கிடையாது. காயத்திலிருந்து இரத்தம் வழியாது; உருண்டையாகத் திரண்டு அங்கேயே நிற்கும். உள்காயம் வடியாது. அதற்கு அவர்கள் செய்வது என்ன? மருந்து தேடவில்லை. இருப்பதிலேயே பெரிய கப்பலின் உருளையைச் சுழலவிட்டு ஈர்ப்பை உண்டாக்கி, பகையாளிகளின் காயம்பட்டவர்களையும் அங்கே கொண்டுவரச் சொல்கிறார்கள்.

வடிகுழாய்ப் பை கட்டிலுக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே தூக்கி வைக்காதீர்கள் என்று நோயாளியின் உறவினர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறவள் நான். பூமியே எங்கள் வார்டில் பாதி வேலையைச் செய்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐந்தாம் பருவத்தில் நயோமி என்ற பாத்திரம் விண்வெளி உடையில்லாமல் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் காட்சியைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். உடல் வெடிக்க வேண்டாமா, உறைய வேண்டாமா என்றார் கணவர். இரண்டும் நடக்காது. வெற்றிடத்தில் வெப்பம் மெதுவாகத்தான் போகும், தோல் உறுதியானது. 1966-இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பவியலாளரின் உடையிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் கொதித்தது தெரிந்ததுதான் அவருக்குக் கடைசி ஞாபகம். அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். நயோமி ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தை ஊசியில் செலுத்திக்கொண்டு தாவுகிறாள். அந்த ஊசி கற்பனை. முகம் வீங்குவதும் கண் சிவப்பதும் சரிதான். நெஞ்சை நாலு முறை அழுத்தியதும் நோயாளி இருமிவிட்டு எழுந்து வசனம் பேசும் தொடர்களுக்கு இது எவ்வளவோ மேல்.

* * *

நான் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். எந்த நிறுவனம், எந்தத் தொடர் என்பது வேண்டாம். விண்கப்பல் தொடர் ஒன்று. ஒவ்வொரு அத்தியாயத்திலும் பொறியாளர் ஓடி வந்து, ஏதோ ஒரு கற்றையின் ஏதோ ஒரு கட்டம் தலைகீழாகிவிட்டது என்பார். ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று அளவு உண்டு. அந்தச் சொற்களுக்குத் தமிழ் தேடி அகராதியையும் பாடநூல்களையும் புரட்டி ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். விடியற்காலையில்தான் சந்தேகம் வந்தது: ஒருவேளை மூலத்திலேயே இதற்குப் பொருள் இல்லையோ?

இல்லைதான். ‘ஸ்டார் ட்ரெக்’ எழுத்தாளர்களில் ஒருவரான ரொனால்ட் டி. மூர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: வசனத்தில் அந்த இடம் வந்ததும் ‘டெக்’ என்று மட்டும் தட்டிவிட்டு மேலே போய்விடுவார்களாம். அறிவியல் ஆலோசகர் பின்னால் வந்து சொற்களை நிரப்புவாராம். ஒரு துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்பது ஹைசன்பர்க் விதி. அதைச் சமாளிக்க, அதே தொடரில் ஆட்களை அணு அணுவாக அனுப்பும் கருவிக்கு ‘ஹைசன்பர்க் ஈடுகட்டி’ என்று ஓர் உறுப்பு வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, அந்தக் குழுவின் மைக்கேல் ஒகுடா, “மிக நன்றாக வேலை செய்கிறது, நன்றி” என்றார். அந்தப் பதிலைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ‘டெக்’ இடைவெளிகளை நிரப்பியவர்களில் ஒருவர் நரேன் சங்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரைப் பின்னால் தலைமையேற்று நடத்தியவரும் அவரே! அதில் அப்படிப்பட்ட வெற்றுச் சொற்கள் மிகக் குறைவு. கடும் முடுக்கத்தைத் தாங்க உடலில் ஏற்றும் மருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஜூஸ்’. வேலைக்காரன் வைக்கும் பெயர் அப்படித்தான் இருக்கும். குறுங்கோள்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தனி மொழியே செய்துகொடுத்தார். தோள்குலுக்கல், தலையசைப்பெல்லாம் விண்வெளி உடைக்குள் வெளியே தெரியாது என்பதால் அந்த மக்கள் கையை அகல வீசித்தான் பேசுவார்கள். அதற்கு நான் சப்டைட்டில் எழுதவே வேண்டாம்.

* * *

மீண்டும் நான். ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். செரஸ் சிதறும் என்றதும் கடைசி பெஞ்சுக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்த மாணவி மட்டும் சிரிக்காமல், “அப்படியானால் எவ்வளவு சின்ன சக்கரத்தில் ஊற்றினால் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி வளையும்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தானே போட்டாள். ஆரம் 50 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். காட்சியில் இருப்பதுபோலவே. தொடர் எடுத்தவர்கள் தவறவிட்டது விதியை அல்ல, அளவை.

அதே நகரத்தில் ஒரு பறவை எப்போதாவது ஒருமுறை சிறகை அசைத்தபடி மிதந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. அதை இன்னும் அவளிடம் காட்டவில்லை. முதலில் நான் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் காட்டலாம் என்று இருக்கிறேன்.