மேகதாதுவில் அணை வந்தால் பில்லிகுண்டுலுவுக்கு வரும் நீர் என்ன ஆகும்?

கேள்வி: ராமமூர்த்தி நகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு பெங்களூருவில் வசிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 2024 கோடையில் எங்கள் குடியிருப்பின் போர்வெல்கள் வற்றிப்போய், டேங்கர் லாரி வந்து சம்ப்பை நிரப்பினால்தான் குழாயில் தண்ணீர் என்றிருந்த நாட்களில், சங்கக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணையைத் தமிழ்நாடு தடுக்காமல் இருந்திருந்தால் நமக்கு இந்த நிலை வந்திருக்காது என்றார். அவர் பகைமையோடு பேசுபவர் அல்லர். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு முதலில் வந்து நிற்பவர். ஊரில் என் சித்தப்பாவோ, அந்த அணை எழும்பிவிட்டால் மேட்டூருக்கு ஒரு சொட்டும் வராது என்கிறார்.

பெங்களூருவின் குடிநீருக்கு அந்த அணை உண்மையிலேயே தேவையா? அது வந்தால் டெல்டாவுக்கு நேரும் இழப்பு எப்படிப்பட்டது? 1991-இலும் 2016-இலும் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்நகரில் நடந்த வன்முறையைக் கண்ட பலர் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே கோபத்தை விலக்கி, கணக்கோடு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: பாசனப் பொறியாளர் (ஓய்வு)

ஐயா, முதலில் பங்கீட்டைப் பார்த்துவிடுவோம். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்று ஒதுக்கியதை, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று முறையே 404.25, 284.75 என்று மாற்றியது. கேரளத்தின் 30-உம் புதுச்சேரியின் 7-உம் மாறவில்லை. மாநில எல்லையில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கும் பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. இந்த 14.75-இல் 10 டி.எம்.சி., டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது, மீதி 4.75 பெங்களூருவின் குடிநீருக்காக.

இந்த 4.75 என்ற எண்ணைத்தான் இரு தரப்பிலும் பலர் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். நகரம் ஆற்றிலிருந்து எடுக்கும் மொத்த நீரை அது குறிக்கவில்லை. வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையில் செலவாகிறது, மற்றது கழிவுநீராகத் திரும்புகிறது என்ற அடிப்படையில் போடப்பட்ட நுகர்வுக் கணக்கு அது. நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் இருக்கிறது என்றும், தேவையில் பாதியை நிலத்தடி நீர் நிறைவு செய்யும் என்றும் கொண்டு நடுவர் மன்றம் 1.75 டி.எம்.சி. மட்டும் தந்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு வரையறைகளையும் ஏற்காமல், முழு நகரத்துக்குமாக நுகர்வை 6.5 ஆக உயர்த்தியது. ஐந்தால் பெருக்கினால், எடுப்பதற்கு ஏற்கப்பட்ட நீர் ஆண்டுக்குச் சுமார் 32.5 டி.எம்.சி.

இன்று நகரம் எவ்வளவு எடுக்கிறது? நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத்தின் 77.5 கோடி லிட்டரையும் சேர்த்தால் 222.5 கோடி லிட்டர். ஆண்டு முழுவதும் அதே அளவில் இறைத்தால் ஏறத்தாழ 28.7 டி.எம்.சி. வரும். இவ்வளவும் மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுகிறது. தண்ணீரை எடுக்கும் இடம் மேகதாதுவுக்கு மேலே இருக்கிறது. மேகதாதுவில் ஓர் அணைகூட எழாமல்தான் ஐந்தாம் கட்டமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நகரத்துக்கு நீதிமன்றம் ஒப்பிய நீரின் பெரும்பகுதியை இப்போதிருக்கும் ஏற்பாட்டிலேயே எடுக்க முடிகிறது என்றால், 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் நீர்த்தேக்கம் எதற்கு என்ற கேள்விக்குக் குடிநீரை மட்டும் காட்டிப் பதில் சொல்ல இயலாது. கிருஷ்ணராஜ சாகரின் கொள்ளளவே 49.45 டி.எம்.சி. தான். திட்டத்தில் 400 மெகாவாட் மின்னுற்பத்தியும் இருக்கிறது என்பதையும், ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம், பெரும்பாலும் காவிரி வனவிலங்குச் சரணாலயக் காடு, மூழ்கும் என்பதையும் உங்கள் அண்டை வீட்டாருக்குச் சொல்லலாம்.

அதே நேரத்தில், ஒரு சொட்டும் வராது என்ற உங்கள் சித்தப்பாவின் அச்சமும் மிகையானது. 177.25 டி.எம்.சி. என்பது சட்டப்படியான கடமை. புதிய அணை எழுந்தாலும் அது அப்படியே நிற்கும்.

பதில்: திருவாரூர் மகள், ஒயிட்ஃபீல்டு

பொறியாளர் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்து டெல்டாவின் நிலையை அளக்க முடியாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தீர்ப்பிலேயே மாதவாரி அட்டவணை இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. இந்த நான்கு மாதங்களில்தான் குறுவை வளர்ந்து அறுவடையாகிறது, சம்பாவுக்கு நாற்றங்கால் விடப்படுகிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவை நிம்மதியாக நடக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் நின்றுவிட்டால், பிறகு நவம்பரில் எவ்வளவு கொட்டினாலும் அந்த வயலுக்குப் பயனில்லை, எல்லாம் பதர்தான். எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. முறைப்பாசனம் அறிவித்தார்கள் என்றால், வாய்க்காலில் எங்கள் முறை வருவதற்குள் மேலே முறை முடிந்து மதகை அடைத்துவிடுவார்கள். ஈரம் பட்ட தடம் மட்டும் மடை வாயில் வரை வந்து நின்றிருக்கும்.

மேகதாதுவைப் பற்றிய அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்று கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் மூடிவிட்டாலும், அவற்றுக்குக் கீழே பெய்யும் மழை, சிம்ஷா, அர்க்காவதி போன்ற ஆறுகளின் வழியாக, யார் அனுமதியும் இல்லாமல் மேட்டூருக்கு வந்து சேர்கிறது. வறண்ட ஆண்டுகளில் எங்களுக்கு உயிர்த்தண்ணீர் அதுதான். அர்க்காவதி காவிரியோடு சேரும் சங்கமத்துக்குக் கீழே அணை கட்டப்பட்டால், தடையின்றி வரும் அந்த நீரும் ஒரு மதகுக்குப் பின்னால் போய்விடும். கடமை ஏட்டில் இருக்கும், சாவி மேலே இருக்கும்.

பதில்: ஹலசூரு நூலக வாசகர்

சகோதரி சொன்னது மிகச் சரி. 2023-ஐ நினைவுபடுத்துகிறேன். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில், 15 நாட்களுக்கு நொடிக்கு 5,000 கன அடி வீதம் திறக்க வேண்டும் என்று காவிரி மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. கணக்கிட்டால் ஆறரை டி.எம்.சி. கூட இல்லை. அந்த அளவுக்கே செப்டம்பர் 26-இல் பெங்களூருவிலும், 29-இல் மாநிலம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. அந்த நீராண்டில் (ஜூன் முதல் மே வரை) பில்லிகுண்டுலுவுக்கு வந்தது ஒதுக்கீட்டில் பாதியை எட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டிலோ ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வந்து, கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், இதை இந்நகரத் தமிழர்கள் போதிய அளவு பேசுவதில்லை. எடுத்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பும் என்று கணக்குச் சொல்கிறது; எங்கே திரும்புகிறது? பெங்களூரு ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்த நகரம். மேற்குச் சரிவின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியை அடைகிறது. கிழக்கிலும் தென்கிழக்கிலும் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு வருகிறது. அதிலும் ஒரு பங்கு சுத்திகரிக்கப்பட்டு, கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. வறண்ட அந்த மாவட்டங்களுக்கு அது நல்ல உதவி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காவிரியிலிருந்து எடுத்த நீரில் ஒரு பகுதி காவிரிக்குத் திரும்பவில்லை என்ற உண்மை பங்கீட்டின் அடுத்த மறுஆய்வில் பதிவாக வேண்டும். தென்பெண்ணைக்கு வருவது பாசனத்துக்குத் தகுந்த நீராகவும் வர வேண்டும்.

கேட்டவரின் தொடர்ச்சி: ராமமூர்த்தி நகர்வாசி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் அணையை எதிர்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? பற்றாக்குறை ஆண்டில் எவ்வளவு பகிர்வது என்பதற்கு விதி எதுவும் இல்லையா?

பதில்: பாசனப் பொறியாளர் (ஓய்வு)

பற்றாக்குறை ஆண்டில் ஒதுக்கீடுகளை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நடுவர் மன்றத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் எந்தத் தேதியில், எந்தெந்த அணைகளின் வரத்தைப் பார்த்து, எத்தனை விழுக்காடு என்று வாய்பாடாக அது எழுதப்படவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் வந்தாலே காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வழக்காடுகிறோம். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளின் வரத்தையும் கடந்த பல ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு, குறைந்த விழுக்காட்டுக்கு ஏற்ப அட்டவணையைக் குறைக்கும் முறையை மே மாதத்திலேயே இரு மாநிலங்களும் ஏற்றுக்கொண்டால், குறுவை போடலாமா வேண்டாமா என்று விவசாயி நாற்றங்கால் விடுவதற்கு முன்பே முடிவு செய்வார். மண்டியாவின் கரும்பு, நெல் விவசாயிக்கும் அதே பயன் உண்டு, அவரும் இதே ஆகஸ்டில்தான் தவிக்கிறார்.

மேகதாதுவைப் பற்றிய என் நிலைப்பாடு இதுதான்: மேல்மடை மாநிலம் அட்டவணைப்படியான வரத்தைப் பாதிக்கும் எதையும் செய்யக்கூடாது என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பற்றாக்குறைக்கு எழுதப்பட்ட விதி இல்லாத நிலையில், எல்லைக்கு மிக அருகில் இவ்வளவு பெரிய தேக்கத்துக்கு ஒப்புக்கொள்வது சரியல்ல. உங்கள் அண்டை வீட்டாரிடம், குடிநீருக்கான பங்கைத் தமிழ்நாடு இப்போது எதிர்க்கவில்லை, அது தீர்ப்பில் முடிந்த விஷயம் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு 28.7, 32.5 என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.